சீதாவாக்கை இராசசிங்கனும் சிவனொளிபாதமும்

டிசம்பர்ப் பூரணை வந்துவிட்டால் நம் பகுதித் தோட்டங்களில் பேச்செல்லாம் மலையைப் பற்றியதே. இறப்பர்ப் பால் ஊற்றும் இடத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும், “இந்த வருஷம் மலைக்குப் போறீங்களா?” என்ற கேள்வி எழும். இரத்தினபுரி வழியாகக் கிலிமலை, பலாபத்தலை என்று நடந்து ஏறுவோர் சிலர். அட்டன் பக்கமாகச் சுற்றிச் செல்வோர் பலர். வெசாக் பூரணையோடு அந்த ஆண்டின் யாத்திரை நிறைவெய்தும். நாம் ‘அரோகரா’ என்கிறோம். அயலிலே ஏறும் சிங்கள அன்பர்கள் ‘சாது’ என்கிறார்கள். படி ஒன்றே, குளிரும் ஒன்றே.

ஆனால் மலையை விட்டிறங்கிய பின்னர் கேட்கும் கதைகள் ஒன்றல்ல. லயத்து வாசலில் அமர்ந்து நம் முதியோர் சொல்வது இது: “அந்தப் பாதம் ஒரு காலத்தில் நம்ம ஆண்டிகள் கையில் இருந்தது. திருநீறு பூசிய ராஜா ஒருவர் எழுதிக் கொடுத்தார்.” கடைவீதியில் நம் சிங்கள நண்பர் சொல்வது வேறு: “அவன் தகப்பனைக் கொன்றவன். பிக்குகளைக் கொன்றான், ஏடுகளை எரித்தான், மலையையும் பறித்துக் கொடுத்தான்.” இரு கதைகளும் ஒரே அரசனைப் பற்றியவை. அவனே சீதாவாக்கையிலிருந்து ஆண்ட முதலாம் இராசசிங்கன்.

பாதம் யாருடையது என்ற கேள்விக்குள் நாம் இங்கே புகவில்லை. அது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அதை யார் கையில் ஒப்படைப்பது என்று தீர்மானித்தவர் யார் என்பதே நமது வினா. நூற்றாண்டுதோறும் அதைத் தீர்மானித்தவர் அரசரே. அரசுக்கும் சமயத்துக்கும் உள்ள இந்த உறவை நம் சப்பிரகமுவையிலே வைத்துச் சற்று ஆராய்வோம். இடையிடையே பண்டைப் பாரசீகம் வரையிலும் போய்வருவோம். ‘அவிசாவளைக்கும் பாரசீகத்துக்கும் என்ன தொடர்பு?’ என்று அன்பர்கள் நகைக்க வேண்டாம், காரணம் உண்டு.

1521ஆம் ஆண்டில் கோட்டை அரசன் விசயபாகு தன் மைந்தர் மூவரின் சூழ்ச்சியால் மாண்டான். நாடு மூன்று கூறாயிற்று. மூத்தவன் புவனேகபாகு கோட்டையில் இருந்தான். இளையவன் மாயாதுன்னை சீதாவாக்கையைப் பெற்றான். மற்றவன் இறைகமத்தில் அமர்ந்தான். கோட்டை போர்த்துக்கேயரின் நிழலில் ஒதுங்க, சீதாவாக்கை அவர்களை எதிர்த்து வளர்ந்தது. மாயாதுன்னையின் மகன் திக்கிரிபண்டா சிறு வயதிலேயே படைத்தலைவனானான். 1559இல் முல்லேரியாவில் அவன் போர்த்துக்கேயரை முறியடித்த செய்தி இன்றும் பேசப்படுகிறது. 1581இல் இராசசிங்கன் என்ற பெயருடன் முடிசூடினான். அடுத்து வந்த ஆண்டுகளில் கண்டியையும் கைப்பற்றினான். 1587 – 88இல் அவன் கொழும்பை முற்றுகையிட்டபோது படையினர் 50,000 பேர் என்பது போர்த்துக்கேயரின் கணக்கு. கொழும்பு வீழவில்லை. ஆயினும் அவனுக்கு இணையான எதிரியை அவர்கள் இத்தீவில் அதற்கு முன் கண்டதில்லை.

இவ்வீரன் எவ்வாறு சைவனானான்? சூளவம்சம் கூறுவது இது. அரசாசையால் அவன் தந்தையைக் கொன்றான். அப்பழி உறுத்த, பெருந்தேரர்களை அழைத்து, “இப்பாவத்தை எவ்வாறு தீர்ப்பது?” என்று வினவினான். அவர்கள் அறம் எடுத்துக் கூறினரேயன்றி, செய்த பாவம் அழியும் என்று கூற மறுத்தனர். சினங்கொண்டவன் சிவனடியாரை வினவினான். அவர்கள் தீர்க்கலாம் என்றனர். உடனே உடலெங்கும் நீறு பூசிச் சிவசமயம் புகுந்தான், பிக்குகளைக் கொன்றான், நூல்களை எரித்தான், விகாரைகளை இடித்தான், சமந்தகூட மலையின் வருவாயைச் சைவத் துறவிகளுக்கு அளித்தான்.

சைவர்களாகிய நாம் இக்கதையைப் படிக்கும்போது இருவகை மயக்கத்துக்கு ஆளாகிறோம். ஒன்று, கதை முழுவதும் பொய் என்று தள்ளுவது. மற்றது, கொலையையும் எரிப்பையும் மெல்ல ஒதுக்கிவிட்டு நீறு பூசியதை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்வது. இரண்டாவது மயக்கம் முன்னதினும் இழிவானது என்பது நம் கருத்து. ஒருவன் தன் தந்தையைக் கொன்ற பழியைக் கழுவ நம் சமயத்துக்கு வந்தான் என்பதில் நாம் பெருமை கொள்ள என்ன இருக்கிறது?

இனி, அந்நூலின் காலத்தைப் பார்ப்போம். இராசசிங்கன் இறந்தது 1593இல். சூளவம்சத்தின் அப்பகுதியைத் திப்பொட்டுவாவைத் தேரர் எழுதியது கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில். அதாவது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. எழுதியவர் எந்தச் சங்கம் அழிக்கப்பட்டது என்று கூறுகிறாரோ அதே சங்கத்தின் வழிவந்தவர். இதனால் அவர் பொய் கூறினார் என்று ஆகாது. ஆனால் நோவு பட்டவர் எழுதிய நூல் என்பதை நினைவிற் கொண்டு படிக்க வேண்டும்.

இங்கேதான் பாரசீகம் நமக்கு உதவுகிறது. கி.மு. 525இல் பாரசீகப் பேரரசன் கம்பைசிசு எகிப்தை வென்றான். எகிப்தியர் அபிசு என்னும் ஒரு காளையைத் தெய்வமாக வழிபட்டனர். நம்மவருக்கு நந்தி நினைவு வரும். கம்பைசிசு அக்காளையைக் குத்திக் கொன்றான், பூசகர்களைச் சவுக்கால் அடித்தான், அதனாலேயே பித்தேறி மாண்டான் என்று கிரேக்க ஆசிரியர் எரொடோட்டசு எழுதினார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, எகிப்தியப் பூசகர் சொல்லக் கேட்டு எழுதிய கதை அது. உலகம் இரண்டாயிரம் ஆண்டுகள் அதை நம்பியது. பின்னர் மெம்பிசு நகரின் காளைச் சமாதிகளைத் தோண்டியபோது கம்பைசிசின் ஆறாம் ஆட்சியாண்டிலே புதைக்கப்பட்ட ஓர் அபிசின் கல்வெட்டு அகப்பட்டது. அக்காளை முழுச் சடங்கோடு அடக்கம் செய்யப்பட்டது. அதன் கற்பேழையை அளித்தவன் கம்பைசிசு என்றே பொறிக்கப்பட்டிருந்தது!

அப்படியானால் பூசகர் ஏன் அவ்வாறு தூற்றினர்? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. எகிப்தியச் சுவடி ஒன்றின் பின்புறத்தில், கம்பைசிசு பெரும்பாலான கோயில்களுக்கு அரசு அளித்துவந்த மானியங்களைக் குறைத்த கட்டளை எழுதப்பட்டுள்ளது. காளையைக் கொன்றதை விடக் கோயில் வருவாயைக் குறைத்ததே தீராப் பகையை விளைத்தது போலும். இதைச் சொல்லி நாம் எள்ளி நகைக்கவில்லை. கோயில் வருவாய் என்றால் விளக்கும் உணவும் கல்வியும் அதில் அடக்கம்.

இவ்வளவுகோலைக் கொண்டு சீதாவாக்கைக்கு வருவோம். முதலில் தந்தை கொலை. மாயாதுன்னை 1521 முதல் 1581 வரை அறுபது ஆண்டுகள் ஆண்டவன். இறக்கும்போது எண்பதை எட்டியிருக்க வேண்டும். படையும் ஆணையும் பல்லாண்டுகளாக மகன் கையிலேயே இருந்தன. மூப்பால் சாயவிருந்த கிழவரைக் கொல்ல அவனுக்கு என்ன தேவை என்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் ஐயுற்றது நியாயமே.

இரண்டாவது, நம் மாகாணத்திலேயே உள்ள சான்று. இரத்தினபுரிக்கு அணித்தாகக் குருவிட்டையில் தெல்கமுவை விகாரை இருக்கிறது. கோட்டை போர்த்துக்கேயர் வசமாகும் என்று அஞ்சி, புத்தரின் தந்ததாதுவை அங்கே கொண்டுவந்து குரக்கன் அரைக்கும் திரிகைக் கல்லுக்குள் மறைத்து வைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் விமலதர்மசூரியன் அதைச் சப்பிரகமுவையிலுள்ள அவ்வூரிலிருந்து கண்டிக்கு எடுத்துச் சென்றான் என்று சூளவம்சமே கூறுகின்றது. ஆகவே இராசசிங்கன் ஆண்ட காலம் முழுவதும் பௌத்தர்களின் தலையாய தாது அவன் தலைநகரிலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்திலே பத்திரமாக இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் இருந்தது என்று வாதிக்கலாம். ஊரூராக வரி கொண்ட அரசனுக்கு, அவன் தந்தையின் காலத்திலேயே அவர்கள் நாட்டுக்குள் வந்த தாது இருந்த இடம் தெரியாது என்பது நமக்கு எளிதில் ஏற்கக்கூடியதாயில்லை.

எனினும் தராசை ஒரு பக்கமே சாய்த்தல் தகாது. இராசசிங்கனுக்குப் பின் கண்டியில் முடிசூடிய விமலதர்மசூரியன் உபசம்பதை நடத்துவதற்குப் போதிய பிக்குகள் இல்லாமல் அரக்கான் தேசத்திலிருந்து அவர்களை வரவழைக்க நேர்ந்தது. சங்கம் அவ்வளவு தூரம் நலிந்திருந்தது என்பது மெய். நலிவுக்குக் காரணம் ஒருவன் மட்டுமல்லன். கோட்டையிலே தர்மபாலன் 1557இல் கத்தோலிக்கனாகி விகாரை நிலங்களைப் பிரான்சிசுக்கன் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தான். 1580இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு மரணசாசனம் செய்தான். எழுபது ஆண்டு ஓயாத போர் வேறு. ஆனால் அவ்வளவையும் கூறிவிட்டு இராசசிங்கன் கை சுத்தம் என்று நாம் எழுதினால் அது வரலாறாகாது. பிக்குகள் சிலர் அவனுக்கு எதிராக நின்றனர். எதிர்த்தவர்களை அவன் சும்மா விடவில்லை. அரசியற் பகையைச் சமயப் பகை என்று ஒரு தரப்பு எழுதியது. சமயப் பற்று என்று மறுதரப்பு எண்ணிக் கொண்டது.

அவனருகே இருந்த ஒரு தமிழரையும் கூறவேண்டும். அரிட்டகீவெண்டு பெருமாள் என்ற அவர் அரசனின் ஆலோசகராகி மன்னம்பெரும முகோட்டாலை என்னும் பட்டம் பெற்றார். இராசசிங்கன் நீறணிந்ததற்கு அவரே காரணம் என்போர் உளர். அவர் முடிவு நமக்குச் சிறப்பளிப்பதன்று. அரசன் மறைந்ததும் அவர் போர்த்துக்கேயர் பக்கம் சேர்ந்தார். சயவீரபண்டா என்று பெயர் கொண்டார். 1594இல் கண்டிமேற் சென்ற படையெடுப்பிலே அவரை ஐயுற்ற போர்த்துக்கேயரே அவரைக் கொன்றனர். தன் அரசன் வாழ்நாளெல்லாம் எதிர்த்த பகைவரோடு அவ்வரசன் மறைந்தவுடன் கைகோத்தவரைச் சைவக் காவலர் என்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

பாரசீகப் பெருவேந்தர் இவ்விடயத்தில் எவ்வாறு நடந்தனர்? கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரசு, அந்நகரத் தெய்வமான மர்துக்கே தன்னைத் தேர்ந்தெடுத்ததாக அந்நாட்டு மொழியிலேயே எழுதுவித்தான். அவன் களிமண் உருளைச் சாசனம் 1879இல் தோண்டியெடுக்கப்பட்டது. யூதர்கள் தாயகம் திரும்பி எருசலேமிலே தம் கோயிலை மீளக் கட்ட அவன் இசைந்ததை அவர்களின் வேதம் நன்றியோடு கூறுகின்றது. இதைப் பரந்த உள்ளம் என்பதா, ஆட்சித் தந்திரம் என்பதா? இரண்டும் என்று கூறுவதே பொருந்தும். தெய்வத்தைக் கவர்ந்தவனை விட, தெய்வத்தைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஊர் எளிதில் அடங்கும்.

தாரியசு வந்தபோது அரசின் குரல் மாறிற்று. பெகிசுத்தூன் மலைப்பாறையிலே அவன் வெட்டுவித்த சாசனம் வரிக்கு வரி அகுரமசுதாவின் அருளால் தான் ஆள்வதாகக் கூறும். தனக்கு முன் அரியணையைக் கவர்ந்தவன் கௌமாதன் என்னும் மாகிக் குருக்கள் என்றும், அவன் அழித்த வழிபாட்டிடங்களைத் தான் மீட்டமைத்ததாகவும் அவன் எழுதினான். முன்னவன் அழித்தான், நான் மீட்டேன்! இதே சொல்லை நாம் இக்கட்டுரையிலேயே இன்னொரு முறை கேட்கப் போகிறோம். ஆனால் அகுரமசுதாவையே போற்றிய அதே தாரியசின் பண்டகசாலைக் கணக்குகள் 1933இல் பெர்சிபோலிசில் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. ஏலாமியரின் கும்பன் முதலிய பிற தெய்வங்களின் பூசைக்கும் அரச களஞ்சியத்திலிருந்தே தானியமும் மதுவும் அளந்தனர் என்பதை அவை காட்டுகின்றன. கல்வெட்டில் ஒரு தெய்வம். கணக்கேட்டில் பல தெய்வம். வரலாறு படிப்போர் கணக்கேட்டையும் கட்டாயம் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவன் மகன் செர்க்சசு ‘தைவர்’ வழிபாட்டிடத்தை அழித்து அங்கே அகுரமசுதாவை வணங்கியதாக எழுதினான். தைவர் என்பது நம் தேவர் என்ற சொல்லின் உடன்பிறப்பு. அகுரன் என்பது அசுரன். நமக்கு உயர்ந்தது அவர்களுக்குத் தாழ்ந்தது. நாம் அஞ்சியது அவர்கள் போற்றியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிந்து நதி நாட்டைத் தாரியசின் சாசனங்கள் ‘இந்து’ என்று குறிக்கின்றன. பாரசீகர் நாவில் சகரம் ககரமாய்த் தேய, சிந்து ‘ஹிந்து’ ஆயிற்று. நம் சங்கத்தின் பெயர்ப்பலகையில் முதற் சொல்லாக நிற்பது அந்தப் பாரசீக உச்சரிப்பே. பாரசீகத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நகைத்தோர் பலகையை ஒருமுறை பார்த்துக்கொள்க.

பிற்காலச் சாசானியர் ஆட்சியில் அரசும் சமயமும் இரட்டைப் பிள்ளைகள் என்ற கொள்கை வலுத்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கர்தீர் என்ற பெரிய குருக்கள், யூதர், பௌத்தர், பிராமணர், கிறித்தவர் முதலியோரை ஒடுக்கியதாகக் கல்லிலே தாமே பெருமை பேசிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட வரிசையில் பௌத்தரும் பிராமணரும் அருகருகே நிற்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சைரசின் வழியை ஒத்த சான்று ஒன்று கல்லாகவே இருக்கிறது. 1911இல் காலி நகரில் மதகு மூடியாகக் கிடந்த கற்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. சீனப் பேரரசர் 1409ஆம் ஆண்டு தேதியிட்டுத் தம் கடற்படைத் தலைவர் செங்கோ மூலம் அனுப்பியது. அதில் மூன்று மொழிகள்: சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயினார்க்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 என்று மூவருக்கும் ஏறத்தாழ ஒரே பட்டியல்! அத்தெனாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தனர். எப்போது என்றால், இராசசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டிருந்தபோது, அவன் கவனத்தைத் திருப்பத் தென்கரையைச் சூறையாடச் சென்ற கப்பற்படையினரே அதைச் செய்தனர்.

மலைக்குத் திரும்புவோம். இராசசிங்கனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், சோழரிடமிருந்து நாட்டை மீட்ட முதலாம் விசயபாகு (1055 – 1110) பாதத்தை வணங்க வருவோர்க்கு உணவளிக்கக் கிலிமலைக் கிராமத்தைத் தானம் செய்தான். அவனுடைய அம்பகமுவைச் சாசனம் இன்னொன்றும் கூறும். தாழ்ந்த குலத்தோர் எனப்பட்டவர் நின்று வணங்கப் பாத மேடைக்குக் கீழே தனி மேடை ஒன்று அமைத்தானாம். அவர்களுக்கும் இடம் தந்தான் என்பதா, இடத்தைக் கீழே வைத்தான் என்பதா? நம் தோட்டத்துக் கோயில்களிலும் யார் எங்கே நிற்பது என்ற பேச்சு ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை; ஆதலால் நாம் மேலும் பேசாது செல்கிறோம்.

1344இல் மொரோக்கோ யாத்திரிகர் இபுன் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அவ்வரசருக்குப் பாரசீக மொழி தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறார். மலை காண விரும்பிய அம்முசுலிம் விருந்தினருக்கு அவர் பல்லக்கும், வழிகாட்ட நான்கு யோகியரும் மூன்று பிராமணரும், சுமையாளரும் தந்து அனுப்பினார். ஆண்டுதோறும் பாதம் காணச் செல்லும் யோகியர் அவர்கள். ஆகவே சைவத் துறவிகள் இம்மலைக்கு வந்தது இராசசிங்கன் அழைத்ததனால் அன்று. அவனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தாமாகவே ஏறி வந்துகொண்டிருந்தனர். இராசசிங்கன் செய்தது வழிபாட்டைத் தொடங்கியதன்று; வருவாயையும் நிருவாகத்தையும் மாற்றியதே.

அம்மாற்றம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அதை நீக்கியவன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747 – 1782). இவன் யார்? மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவன். சைவச் சூழலிலே பிறந்தவன். கண்டி அரியணையில் அமர்ந்தபின் பௌத்தத்துக்கு அவன் செய்த பணியை விஞ்சினார் அரிது. 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரர் முதலியோரை வரவழைத்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். நீறு பூசியோரிடமிருந்த சமந்தகூடத்தை மீட்டு, குட்டாப்பிட்டியக் கிராமத்தோடு வெலிவிட்ட சரணங்கர தேரரிடம் ஒப்படைத்தான். முன்னவன் அழித்தான், இவன் மீட்டான் என்று சூளவம்சம் அவனைப் புகழ்கின்றது. பெகிசுத்தூன் பாறையின் எதிரொலி கேட்கிறதல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1760இல் பிரபுக்கள் சிலரும் பிக்குகள் சிலரும் கூடி இவனை நீக்கிவிட்டுச் சீய இளவரசன் ஒருவனை முடிசூட்டச் சதி செய்தனர். அரசன்மேல் அவர்கள் கூறிய குற்றங்களுள் ஒன்று, அவன் தனியிடத்தில் திருநீறு பூசுகிறான் என்பது! சதி வெளிப்பட்டது; சிலர் கொல்லப்பட்டனர்; சரணங்கர தேரரே சிறிது காலம் காவலில் இருந்தார். பின்னர் அரசன் அவரை மன்னித்து மீண்டும் முன்போலப் போற்றினான். தெய்வத்தை மாற்றிய சிங்கள அரசன் சமயத் துரோகியானான்; சமயத்தைக் காத்த தமிழ் நாயக்கனோ தன் நெற்றிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவனானான்.

இராசசிங்கனின் முடிவு சிறியது. 1593இல் கண்டி மலைவாயிலான பலனையில் தோல்வியுற்றுத் திரும்பிய கிழச்சிங்கத்தின் காலில் மூங்கிற் சிலாம்பு ஒன்று தைத்தது. புண் புரையோடி மாண்டான். பெத்தங்கொடை மூங்கிற்காடு என்று அவிசாவளைப் பக்கத்தார் அவ்விடத்தைக் காட்டுவர்.

அவன் எடுப்பித்த பைரவர் கோயில் சீதாவாக்கை ஆற்றுப் பக்கத்திலே முற்றுப்பெறாமல் நிற்கிறது. 1892இல் வெளிவந்த கேகாலை மாவட்ட அறிக்கையில் தொல்பொருள் அதிகாரி பெல் அதை விரித்து எழுதினார். நாம் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். செதுக்கிய கருங்கற்களும் அரைத்தூண்களும் இருந்தன, பூசை இல்லை. வழி தெரியாமல் நின்ற எம்மை ஒரு சிங்கள முதியவர் கைப்பிடியாக அழைத்துச் சென்று காட்டினார். அவர் அதை விகாரை என்றோ தேவாலை என்றோ சொல்லவில்லை. ‘பெரண்டி கோவில்’ என்றார். பைரவ ஆண்டி என்பதே பெரண்டி என மருவிற்று என்பர். அரசன் மதம் மாறியதைப் பற்றி அவரிடம் கேட்டோம். “எங்கள் ராஜாதான்,” என்றார். பின்னர், படிக்கட்டில் பாசி வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று எம்மை எச்சரித்து, தம் மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார்.